ஃப்ரிட்ஜ் மேல் ஒரு கிண்ணம்

எங்கள் நாய் நிசு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறான் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் அளக்க ஆரம்பித்தேன்.

எனக்கு வேலை குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில். விளிம்பு உடைந்த ஒரு லிட்டர் அளவு ஜாடியை அங்கே தூக்கிப் போட இருந்தார்கள். அதைக் கேட்டு வாங்கி வந்தேன். காலை ஏழு மணிக்கு நிசுவின் எஃகுக் கிண்ணத்தில் நான்கு லிட்டர் ஊற்றுவேன். மறுநாள் ஏழு மணிக்கு மிச்சத்தை அளப்பேன். அதே மாதிரி இன்னொரு கிண்ணத்தில் அதே அளவு ஊற்றி ஃப்ரிட்ஜ் மேல் வைத்தேன்.

"அது எதுக்கு?" என்றார் அப்பா.

"ஆவியாப் போறதக் கழிக்க. அடுப்பு எரியற வீடு, தண்ணி தானா வத்தும்."

"ஃப்ரிட்ஜ் மேல ஏறி யாரு குடிக்கப் போறா?"

"யாரும் குடிக்கக் கூடாதுன்னுதான் அங்க வச்சிருக்கேன்."

அப்பா கிண்ணத்தை நிமிர்ந்து பார்த்தார். "காலேஜுக்குக் கட்டின பணம் இப்பதான் வேலை செய்யுது," என்றார்.

பனிதான் பிரச்சினை. மார்ச் மாதம், ஜன்னல் பாதி வரை பனி. வெளியே விட்டால் நிசு அதைத் தின்பான், அது எந்த ஜாடியிலும் வராது. அதனால் கயிறு கட்டி, தலை குனிய விடாமல் கூட்டிப் போனேன். கழிப்பறை மூடியையும் மூடி வைத்தேன். மூன்றாம் நாள் கூட்டல் கழித்தல் எல்லாம் போக ஒரு எண் வந்தது. இரண்டு லிட்டர் தொள்ளாயிரம் மில்லி. நிசுவின் எடை இருபத்தாறு கிலோ. அவன் அளவு நாய்க்கு அதில் பாதி போதும்.

நிசு என்பது நாங்கள் காப்பியோடு சாப்பிடும் ஏலக்காய் ரொட்டி. குட்டியாக வந்த அன்றே ஒரு முழு ரொட்டியைத் தின்றுவிட்டான், நிறமும் அதே நிறம். இப்போது பதினோரு வயது. அவன் அப்பாவின் நாய். அப்பா சாலைத் துறையில் பனி அள்ளும் வண்டி ஓட்டிய ஒன்பது குளிர்காலமும் நிசு விதிகளுக்கு மாறாக அந்த வண்டியில் பக்கத்து இருக்கையில் போனான். அப்பாவுக்கு ஊரில் ரெய்னோ ஹார்ஜு என்ற பேர் மட்டும் இல்லை. 'நாய் வச்ச வண்டிக்காரர்' என்றும் சொல்வார்கள்.

கிறிஸ்துமஸ் வாக்கில் தொடங்கியது. கிண்ணம் கிண்ணமாகக் குடித்தான். சமையலறையில் சிறுநீர் போனான். குட்டியாக இருந்தபோதுகூட அவன் அப்படிச் செய்ததில்லை. போய்விட்டுச் சுவரைப் பார்த்து நின்றுகொள்வான். அப்பா துடைப்பார். பிப்ரவரியில் விலாப் பக்கம் முடி மெலிந்தது, வயிறு தொங்கியது, சும்மா படுத்திருக்கும்போதும் மூச்சு வாங்கியது.

பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். நல்ல இடம். தரை வழுக்காது, நாய்க்கும் பூனைக்கும் தனித்தனிக் காத்திருப்பு அறை. கோப்பில் 'நிசு ஹார்ஜு' என்று எங்கள் குடும்பப் பெயரோடு எழுதினார்கள். ரத்தமும் சிறுநீரும் பார்த்தார்கள். நானூற்றுப் பன்னிரண்டு டாலர். சர்க்கரை இல்லை. சிறுநீரகம் சரியாக இருந்தது. கல்லீரல் எண்களில் ஒன்று எட்டு மடங்கு ஏறியிருந்தது. உடம்பு தானாகவே ஸ்டீராய்டை அளவுக்கு மேல் சுரக்கிற நோயாக இருக்கலாம் என்றார் மருத்துவர். பிறகு ஒரு பெண் தாள் செருகிய அட்டையோடு வந்தாள்.

அதில் அடுத்த கட்டத்துக்கான மதிப்பீடு இருந்தது. பதினொரு வரி. மார்பு எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன், ரத்த அழுத்தம், சிறுநீரில் கிருமிச் சோதனை, ஹார்மோன் சோதனை, இன்னும் ஆறு. ஒவ்வொரு வரிக்கும் எதிரே இரண்டு கட்டம். 'சம்மதம்', 'வேண்டாம்'. ஏதாவது ஒன்றில் பெயரின் முதல் எழுத்துகளைப் போட வேண்டும். கீழே இரண்டு தொகைகள். குறைந்தது 1,870. அதிகம் 2,640.

என் வங்கிக் கணக்கில் 2,300 இருந்தது.

'வேண்டாம்' கட்டத்தில் கையெழுத்துப் போடுவது எனக்கு எப்படி இருந்தது என்றால், நிசுவின் முகத்துக்கு நேரே அதைச் சொல்வது போல இருந்தது. 'சம்மதம்' என்று போடப் பேனாவை எடுத்தேன். ஒரு கேள்வி எழுந்தது. இந்தப் பதினொன்றில் எது எதைச் சொல்லும்? ஒன்றின் பதில் இன்னொன்றைத் தேவையில்லாமல் ஆக்கிவிடுமா? ஆய்வுக்கூடத்துக்குச் சோதனைக்கு ஒரு புட்டித் தண்ணீர் வந்தால் எல்லாச் சோதனையையும் நாங்கள் ஒரே நாளில் செய்வதில்லை. கேட்க வாய் வரவில்லை. அந்தப் பெண் புன்னகையோடு நின்றாள்.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் பாக்கலாமா?" என்று மட்டும் கேட்டேன்.

"தாராளமா. முப்பது நாள் வரைக்கும் இந்த விலை இருக்கும்."

அப்பா அந்தத் தாளைச் சமையலறை மேசையில் வைத்துப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இதெல்லாம் முடிஞ்சு?"

"அந்த நோய்தான்னா மருந்து. மாசம் நூத்திப் பத்து டாலர் போல."

"எத்தனை மாசம்?"

"இருக்கற வரைக்கும்."

அப்பா தாளை மடித்து என்னிடம் கொடுத்தார். "உன் பணத்த இதுல போட வேணாம். மாசக் கடைசி வரைக்கும் பாக்கலாம். இப்படியே கஷ்டப்பட்டான்னா, நான் பாத்துக்கறேன்."

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். நிசுவுக்கு முன்னால் இருந்த நாயை அப்பா தானே வீட்டுக்குப் பின்னால் மரங்களுக்குள் கூட்டிப் போனார். அப்போது எனக்கு எட்டு வயது. அவர் மட்டும் திரும்பி வந்தார். இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

மாதக் கடைசிக்கு இருபத்து நான்கு நாள் இருந்தது.

வேறு மருத்துவரைத் தேடினேன். எனக்குத் தொலைபேசியில் பேசுவது கஷ்டம். சொல்ல வேண்டியதை ஒரு அட்டையில் எழுதி வைத்துக்கொண்டு, ஆய்வுக்கூடத்தின் இரசாயன அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழைத்தேன். வயது, எடை, அறிகுறி, இதுவரை செய்த சோதனை, இருபத்து நான்கு மணி நேரத்தில் குடிக்கும் அளவு. கடைசியில் ஒரே கேள்வி. 'நீங்கள் முதலில் எதைச் செய்வீர்கள், ஏன்?'

முதல் இடத்தில், "பாக்காம சொல்ல முடியாதும்மா. வந்து பார்த்தா எண்பத்தி நாலு," என்றார்கள். இரண்டாவது இடத்தில் எழுபத்தெட்டு. மூன்றாவது இடத்தில் புதிய நோயாளிகளை மே மாதம் வரை எடுப்பதில்லை. நான்காவதில் ஒரு இயந்திரம் பேசியது, அது எனக்குச் சுலபமாக இருந்தது, ஆனால் யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. என் கேள்விக்குப் பதில்தான் எங்கும் இல்லை. யார் மேலும் குற்றமில்லை. தொலைபேசி எடுப்பவரிடம் கேட்கும் கேள்வியா அது?

ஐந்தாவதாக, தெற்கே பெல்கி போகும் வழியில் மாட்டுப் பண்ணைகளுக்கு நடுவே இருக்கும் ஒரு மருத்துவரை அழைத்தேன். வாரத்தில் இரண்டு மதியம் மட்டும் நாய் பூனை பார்ப்பார்கள் என்று போட்டிருந்தது. எடுத்தவர் பெயர் டார்லா. நான் அட்டையைப் படித்தேன்.

"இருங்க, இருங்க," என்றார் டார்லா. "ரெண்டு லிட்டர் தொள்ளாயிரமா? யாரு அளந்தது?"

"நான்தான்."

"பனிய தின்னிருக்குமே."

"கயிறு கட்டித்தான் கூட்டிட்டுப் போறேன்."

அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. "டாக்டர் ஒரு மாட்டுக்குள்ள கைய விட்டுட்டு இருக்காங்க. போன ஸ்பீக்கர்ல போட்டு அங்க எடுத்துட்டுப் போறேன். நீங்க அத அப்படியே இன்னொரு தடவ சொல்லுங்க."

படித்தேன். ஒரு மாடு கத்தியது. பிறகு ஒரு பெண் குரல், மூச்சு வாங்க.

"ஒவ்வொரு நாளும் ஒரே அளவா, இல்ல மாறுதா?"

யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. "மூணு நாள்தான் அளந்திருக்கேன்," என்றேன். "மாறுது."

"பத்து நாள் அளங்க. அதுக்கப்பறம் கொண்டு வாங்க. அறுபத்தஞ்சு டாலர். அங்க எடுத்த ரத்த ரிப்போர்ட்ட அனுப்பச் சொல்லுங்க, திரும்ப எடுக்க மாட்டேன். சாப்பிடறத நிறுத்தினா மட்டும் உடனே வாங்க. சரி, டார்லா, போன எடு, இது வருது."

எது வந்தது என்று எனக்குத் தெரியாது. கன்று என்று நினைக்கிறேன். மருத்துவரை நான் தேர்ந்தெடுத்தது அந்த நிமிடத்தில்தான்.

பத்து நாள் அளந்தேன். எண்களை வரைபடமாகப் போட்டபோது வாரத்துக்கு இரண்டு கூம்புகள் தெரிந்தன. வியாழன், ஞாயிறு. அந்த இரண்டு நாளும் மூன்றரை லிட்டருக்கு மேல். பிறகு மெல்ல இறங்கி இரண்டே காலுக்கு வரும். மறுபடி ஏறும்.

அதைப் பார்த்ததும் அப்பா, "சவுனா," என்றார். அவ்வளவுதான். புதனும் சனியும் எங்கள் வீட்டில் சவுனா. பின்கட்டில் அதற்கென்றே சின்ன மரக் கட்டடம், உள்ளே விறகு அடுப்பு மேல் கற்கள், சூட்டில் உட்கார்ந்து வியர்த்து விட்டுக் குளிப்போம். அம்மா எங்களை விட்டு டுலூத் நகரத்தில் வேறு வாழ்க்கைக்குப் போன வாரத்திலும் அது நிற்கவில்லை.

டூயி மாமாவும் அதையே சொன்னார். அவர் அப்பாவோடு சாலைத் துறையில் இருந்தவர். சவுனா நாள் தவறாமல் துண்டோடு வந்துவிடுவார்.

"சூட்டுல கெடந்தா தாகம் எடுக்காதா? எனக்குந்தான் எடுக்குது. என்னை யாரும் அளக்க மாட்டேங்கறாங்க."

"உன்ன அளந்தா ஜாடி பத்தாது," என்றார் அப்பா.

"நாய்க்கு ஸ்கேனாம் ரெய்னோ. என் முட்டிக்கே இன்னும் எடுக்கல."

"உன் முட்டி யாருக்கு வேணும்?"

எனக்கும் சவுனாதான் காரணம் என்று பட்டது. எங்கள் ஊரில் யாருக்கும் அப்படித்தான் பட்டிருக்கும். வரைபடத்தின் கூம்புகளுக்கு மேலே பென்சிலால் 'சவுனா' என்று எழுதி, அதைப் பொருட்படுத்த வேண்டாம் என்று ஒரு கோடும் போட்டுவிட்டேன்.

மருத்துவர் டெஸ் லாரிவியருக்கு என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். அயோவாவிலிருந்து வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ரப்பர் பூட்ஸோடு தரையில் உட்கார்ந்து நிசுவின் வயிற்றைத் தடவிப் பார்த்தார். நிசு அவர் காதை முகர்ந்தான். பிறகு வரைபடத்தை வாங்கினார்.

"இந்தக் கோடு எதுக்கு?"

"அது சவுனா நாளுக்கு மறுநாள். அத விட்டுடலாம்."

"ஏன் விடணும்?"

"சூடு."

"நாய் உள்ள போய் உக்காருமா?"

"இல்ல. வெளி அறையில படுத்திருக்கும். துணி மாத்தற அறை."

"அங்க சூடா இருக்குமா?"

யோசித்தேன். "எங்க வீட்டு ஹால் அளவுக்குத்தான்."

"அப்ப சூடு இல்ல." அவர் தரையில் இருந்தபடியே என்னை நிமிர்ந்து பார்த்தார். "எனக்கு நெஜமாவே தெரியாது, கேக்கறேன். சவுனா அன்னைக்கு உங்க வீட்ல என்னல்லாம் நடக்கும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அதை யாரும் யாரிடமும் கேட்பதில்லை. விறகு வைப்போம். அப்பாவும் டூயி மாமாவும் முதலில், பிறகு நான். காப்பி. அலுமினியத் தாளில் சுற்றிச் சவுனாக் கல் மேல் சுட்ட கொத்திறைச்சிக் குழல். அதன் நுனி நிசுவுக்கு.

"உப்பு," என்றார் டெஸ்.

"ஆமா, உப்புதான்."

"ஆனா உப்புன்னா அன்னைக்கு ராத்திரியே குடிச்சு முடிச்சிருவான். ரெண்டு நாளைக்கு இழுக்காது. முடியும் கொட்டாது." வரைபடத்தின் மேல் விரலை ஓட்டினார். "உடம்பு தானா சுரக்கற நோய்க்குப் புதனும் சனியும் தெரியாது. இவனுக்குத் தெரியுது. எனக்கு இது புரியல."

ஒரு மருத்துவர் 'எனக்கு இது புரியல' என்று சொன்னால் பயம் வர வேண்டும். எனக்கு வரவில்லை. நாற்காலியின் விளிம்புக்கு வந்திருந்தேன்.

"பெரிய லிஸ்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி," என்றார், "ஒவ்வொண்ணா எடுத்துப் பாக்கலாமா? இந்தப் புதன் இறைச்சி வேணாம். மத்ததெல்லாம் அப்படியே. சனிக்கிழமை வேற ஒண்ணு. அதுக்குக் காசு ஆகாது."

டார்லா பில்லின் பின்னால் டெஸ்ஸின் கைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தார். "மாட்டுக்காரங்களுக்குத் தர நம்பர். நீங்களும் அளக்கற ஆளா இருக்கீங்க," என்றார்.

புதன்கிழமை நிசுவுக்கு இறைச்சி கொடுக்கவில்லை. டூயி மாமா அதை மனித உரிமைப் பிரச்சினை போலப் பேசினார். வியாழன் மூன்று லிட்டர் எழுநூறு. இறைச்சி இல்லை.

மாதக் கடைசிக்கு எட்டு நாள் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை சமையலறையில் மறுபடி ஈரம். நிசு சுவரைப் பார்த்து நின்றான். அப்பா துடைத்துவிட்டுத் துடைப்பத்தின் மேல் சாய்ந்தபடி ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்தார். கொஞ்சம் அதிக நேரமே பார்த்தார்.

சனிக்கிழமை எதை எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. வெளி அறையில் நடப்பது எனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. ஆண்கள் முடித்து வீட்டுக்குள் வந்த பிறகுதான் என் முறை. நான் போகும்போது அறை காலியாக இருக்கும். இருபத்தைந்து வருடமாக அப்படித்தான்.

அவர்கள் ஐந்து மணிக்குச் சிவந்த முகத்தோடு வந்து காப்பிக்கு உட்கார்ந்தார்கள். நிசு அப்பாவின் காலடியில் படுத்துக்கொண்டான்.

"டூயி மாமா," என்றேன். "வெளி அறையில நிசு என்னென்ன செய்வான்? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"என்னம்மா இது, போலீஸ் கேஸா?"

"சும்மா சொல்லுங்க."

"படுப்பான். நாங்க வெளிய வந்தா எந்திரிப்பான். என் துண்டு மேல படுப்பான், உங்கப்பன் துண்டுல படுக்க மாட்டான், மரியாதை தெரிஞ்ச நாய். அப்பறம் உங்கப்பன் கால நக்குவான்."

"கால எதுக்கு நக்கணும்?"

"கேக்குக்குப் பூசற மாதிரி பூசிட்டு உக்காந்தா நக்காம என்ன செய்யும்? வாரத்துக்குள்ளத ஒரே நாள்ல அப்பிக்குவான் உங்கப்பன். நிசு ஒரு கால முழங்கால்ல இருந்து கணுக்கால் வரைக்கும் முடிச்சுட்டுத்தான் அடுத்த காலுக்குப் போவான். ஒழுங்கு."

நான் அப்பாவைப் பார்த்தேன். "என்ன பூசறீங்க?"

"மருந்து," என்றார். பிடிக்காமல்தான் சொன்னார். "கால் அரிப்புக்கு ஒரு தோல் டாக்டர் குடுத்தது. டூயிதான் போ போன்னு அனுப்பினான்."

"தினம் பூசச் சொன்னாங்களா?"

"தினம் யாரு பூசறது. சவுனா முடிச்சா தோல் சுத்தமா இருக்கும். அன்னைக்கு நல்லாப் பூசிட்டா போதாதா."

நான் கோட்டுகூடப் போடாமல் பின்கட்டுக்குப் போனேன். வெளி அறை அலமாரியில், ஷேவிங் பிரஷ்ஷுக்குப் பக்கத்தில், பாதி சுருட்டிய குழாய் இருந்தது. மூடியில்லை. பெயரைப் படித்தேன். தோலுக்குப் போடுகிற ஸ்டீராய்டுகளில் மிக வலுவானது. கல்லூரியில் அந்த மூலக்கூறைக் கையால் வரைந்திருக்கிறேன். கொடுத்த தேதி அக்டோபர் ஒன்பது.

பெஞ்சில் உட்கார்ந்தேன். உடம்பு அதிகமாகச் சுரக்கவில்லை. உடம்புக்கு வெளியிலிருந்து வந்திருக்கிறது, புதனும் சனியும், முழங்காலில் இருந்து கணுக்கால் வரை. எட்டு மடங்கு ஏறிய எண், மெலிந்த முடி, தொங்கிய வயிறு, தண்ணீர், எல்லாம் அதில் வந்து உட்கார்ந்தன. சந்தோஷம்தான் முதலில் வந்தது. அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அங்கேயே டெஸ்ஸை அழைத்தேன். கையில் அட்டை இல்லை என்பதைப் பாதிப் பேச்சில்தான் கவனித்தேன்.

அவர் மருந்தின் பெயரை இரண்டு முறை சொல்லச் சொன்னார். "அவன் என்ன தின்னான்னு கேட்டேன்," என்றார். "வீட்ல யாராவது எதையாவது பூசறாங்களான்னு கேக்கல. கேட்டிருக்கணும். இப்ப அவன் எங்க?"

"சமையலறையில. அப்பா காலடியில."

"அப்பா முழுக்கால் சட்டை போட்டிருக்காரா?"

"டவுசர்."

"அப்ப போனை வச்சிட்டு ஓடுங்க. திங்கக்கிழமை காலையில கூட்டிட்டு வாங்க. அதுக்குள்ள வாந்தி எடுத்தான், எந்திரிக்க முடியலன்னா, எந்த நேரமா இருந்தாலும் கூப்பிடுங்க."

சமையலறையில் அப்படியே இருந்தார்கள். குழாயை மேசை மேல் வைத்தேன். சுருக்கமாகச் சொன்னேன். மருந்தின் வேலை என்ன, நாய் உடம்பில் அது என்ன செய்யும், ஏன் வியாழனும் ஞாயிறும். டூயி மாமா காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். 

"கிறிஸ்துமஸ்ல இருந்தா?" என்றார் அப்பா.

"அக்டோபர்ல இருந்து. கிறிஸ்துமஸ்லதான் வெளிய தெரிஞ்சது."

அப்பா தன் கால்களைப் பார்த்தார். நிசுவின் தாடை அவர் பாதத்தின் மேல் இருந்தது. மெதுவாகக் காலை இழுத்துக்கொண்டார். நிசு எழுந்து, அரை அடி நகர்ந்து, மறுபடியும் தாடையை அங்கேயே வைத்தான்.

"நான் அவன..." என்றார்.  எழுந்து தன் அறைக்குப் போனார். திரும்பி வந்தபோது கம்பளி நீள் உள்ளாடை போட்டு, அதன் மேல் கம்பளிக் காலுறையை முழங்கால் வரை இழுத்து, இரண்டும் சேரும் இடத்தில் சாம்பல் நிற ஒட்டு நாடாவைச் சுற்றியிருந்தார். பனி வண்டியில் எதை ஒட்டினாலும் அந்த நாடாதான்.

"அவ்வளவு வேணாம் ரெய்னோ," என்றார் டூயி மாமா, தாழ்ந்த குரலில்.

"வாய மூடு."

திங்கட்கிழமை அப்பாவும் வந்தார். ஐம்பத்தைந்து கிலோமீட்டரும் அவரே ஓட்டினார். டெஸ்ஸின் மேசையில் ஒரு தாள் இருந்தது. ஒரே வரி. ஹார்மோன் சோதனை, இருநூற்றுப் பத்து டாலர். எதிரே இரண்டு கட்டம்.

என் கேள்வி இந்த முறை வெளியே வந்தது. "இதுல என்ன பதில் வந்தா, நாம செய்யறது மாறும்?"

டெஸ் நாற்காலியை முன்னால் இழுத்தார். "இவ்வளவு மாசமா வெளியிலிருந்து வந்ததால, அவன் உடம்பு சொந்தமா சுரக்கறத நிறுத்தியிருக்கும். இப்ப திடீர்னு வர்றது நின்னா தாங்காது, சாஞ்சிருவான். சோதனையில ஒண்ணுமே சுரக்கலன்னு வந்தா, அதே ஜாதி மருந்த நானே கொஞ்சமா மாத்திரையில குடுத்து, ரெண்டு மாசத்துல மெல்லக் கொறைப்பேன். ஓரளவு சுரக்குதுன்னு வந்தா சும்மா விட்டுப் பாக்கலாம். பதிலப் பொறுத்து வேலை மாறும். ஸ்கேன், எக்ஸ்ரே எல்லாம் இப்ப எதையும் மாத்தாது."

"அந்தப் பெரிய ஆஸ்பத்திரி எங்கள ஏமாத்தப் பாத்துச்சா?" என்றார் அப்பா. 

"இல்ல சார். இதே சோதனை அவங்க லிஸ்ட்லயும் இருக்கு, அஞ்சாவது வரி. அவங்களும் கண்டுபிடிச்சிருப்பாங்க. அதுக்கு முன்னாடி நாலு வரி இருந்துச்சு, அவ்வளவுதான். அவங்ககிட்ட இந்த வரைபடம் இல்ல."

'சம்மதம்' கட்டத்தில் என் முதல் எழுத்துகளைப் போட்டேன்.  அப்பா என்னைத் தாண்டிக் கையை நீட்டி, மடித்த நோட்டுகளை டார்லாவிடம் கொடுத்தார்.  

சோதனையில் ஏறக்குறைய ஒன்றுமே சுரக்கவில்லை என்று வந்தது. மாத்திரை பதினோரு டாலர், மளிகைக் கடைக்குள் இருக்கும் மனிதர்களுக்கான மருந்துக் கடையில்தான் வாங்கினோம். "நிசு ஹார்ஜு," என்று ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். அப்பா கையைத் தூக்கினார்.

இரண்டு வாரம் அந்தக் கால்களை யாரும் பார்க்கவில்லை. சவுனா முடிந்ததும் வெளி அறைக் கதவை உள்ளே பூட்டிக்கொண்டு பூசினார், காயும் வரை உட்கார்ந்திருந்து, கால்சட்டை போட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் திறந்தார். இப்போது தினமும் கொஞ்சமாகப் பூசுகிறார், டாக்டர் சொன்னபடி. நிசு கதவுக்கு வெளியே பனியில் உட்கார்ந்து கீழ் விளிம்பை முகர்ந்தபடி இருப்பான். அவனுக்கு நடந்தது எதுவும் தெரியாது. ஒரு நல்ல விஷயத்தை நாங்கள் நிறுத்திவிட்டோம் என்பது மட்டும் தெரியும்.

மார்ச் மாதக் கடைசி வந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. வெள்ளி, சனி, ஞாயிறு, சமையலறைத் தரை உலர்ந்திருந்தது.

ஏப்ரல் நடுவில் ஒரு வியாழன். ஏழு மணி. சவுனாவுக்கு மறுநாள், வழக்கமாகக் கூம்பு ஏறும் நாள். கிண்ணத்தைத் தூக்கியபோதே கனம் தெரிந்தது. ஜாடியில் ஊற்றி, கண் மட்டத்தில் பிடித்துப் படித்து, எழுதினேன். அப்பா காப்பிக் கோப்பையோடு வாசலில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

"எவ்வளவு?"

"ஆயிரத்து நானூத்திப் பத்து."

அவர் தலையை ஆட்டினார். ஒரு வாய் குடித்தார். பிறகு நிமிர்ந்து மேலே பார்த்தார்.

"ஃப்ரிட்ஜ் மேல இருக்கறதக் கழிச்சியா?"

மறந்திருந்தேன். அவரே போய் அந்தக் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் இறக்கிக் கொண்டுவந்தார்.